லூர்து வைத்த நேரம்

என் லூர்துக்கு,

சுகமாக இருப்பாய். அங்கே யாரையும் ரயிலுக்கு விரட்ட வேண்டியதில்லை. உனக்குத்தான் பொழுது போகாது.

சக்களத்தி என்று நீ பெயர் வைத்த அந்த போர்டு ஒருவழியாக முடிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் நான் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தால், வெஞ்சனத்தை எங்கே வைப்பது என்று சண்டைக்கு வருவாயே, அதுதான். அணுக் கடிகாரத்தின் ருபீடியம் பெட்டி நொடிக்குப் பல லட்சம் தடவை துடிக்கும், இந்த போர்டு அதை எண்ணி நொடிக்கு ஒரு தட்டாகக் கடிகாரத்துக்குக் கொடுக்கும் என்று விளக்கினேன். "இம்புட்டுக் கம்பியும் ஒத்த நொடிக்கா?" என்றாய்.

போன வாரம் மதுரை ஆய்வுக்கூடத்துக்குப் பெரிய அதிகாரி சோதிக்க வந்தார். போர்டு தேறினால் என் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ருபீடியத்துக்கு நொடியின் நீளம் தெரியும், மணி என்ன என்று தெரியாது. அதை முதலில் நாம்தான் சொல்ல வேண்டும். அன்று காலை பார்த்து, மணி கேட்டு வைக்கும் ரேடியோ மக்கர் செய்தது. என் வாட்சைப் பார்த்து மணி வைத்துவிட்டேன்.

மத்தியானம் ரேடியோ பேசியது. நேரம் சொல்லும் 'பிப்' ஒலி வந்தபோது என் அணுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடியது.

"என்ன அந்தோணி, ரேடியோ தப்பா, ருபீடியம் தப்பா?" என்றார் அதிகாரி.

"தெரியல சார்."

படித்தவன் சொல்கிற பதிலா இது?

"தொடாதீங்க, அப்படியே ஓடட்டும்" என்றார். மறுநாள் பார்த்தார், அதே பத்து நிமிஷம். அதற்கு மறுநாளும் இம்மி நகரவில்லை. "தப்பைக்கூட இவ்வளவு சரியா வச்சிருக்கே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை நிரந்தரம், லூர்து.

வீட்டுக்கு வந்து நம் மகள் ரீத்தாவிடம் சொன்னேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"அம்மா வேலைதாம்ப்பா அது. சுவத்துக் கடிகாரத்த முன்னாடி வச்சா, நீங்க பத்து நிமிசத்தக் கழிச்சுட்டு செத்த நேரம் படுத்துக்குவீக. அதான் நீங்க குளிக்கப் போறப்ப வாட்சையும் திருகி வச்சிரும்."

அடிப்பாவி. அப்படியென்றால் மதுரை ரயில் தினமும் லேட்டாக வரவே இல்லையா? திண்டுக்கல் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பேன். கொடைரோடு வரைக்கும் பெட்டியில் இருந்தவர்களிடமெல்லாம் ரயில்வேயைத் திட்டிக்கொண்டே போனேன். இனி அந்த மனிதர் முகத்தில் எப்படி விழிப்பது, நீயே சொல்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு மாசமாகிறது. வாட்சுக்குச் சாவி மட்டும் கொடுத்து வந்தேன், முள்ளைத் தொடவில்லை. நீ கடைசியாகத் திருகி வைத்த நேரத்தில்தான் இன்னும் ரயில் ஏறிக்கொண்டிருக்கிறேன். அது உறைத்ததும் சிரித்துக்கொண்டிருந்தவன் அழுதுவிட்டேன்.

ஆய்வுக்கூடத்துக் கடிகாரத்தைத் திருத்தியாயிற்று. வாட்சைத் திருத்த மாட்டேன். பத்து நிமிஷம் கூடுதல் என்று தெரிந்தும், இனிக் கழிக்க மாட்டேன். சத்தியம்.

ரயில் வருமுன்னே பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்
உன் புருஷன்,
அந்தோணி