நரிக்குப் போட்ட சத்தம்

தோர்ண்டன் ஹீத்,
16.4.1989

அன்புள்ள தவநாயகிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இருமல் விட்டதா? மைதிலி இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்னச் சம்பவம், நீ யோசிக்க ஒன்றுமில்லை. நான் வேலை செய்யும் பண்ணையில் ஒரு நரி கோழிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி துவக்கோடு காத்திருந்தும் அகப்படவில்லை. மைதிலிக்குச் சோறு தீத்தும்போது நாய்க்குட்டி போல முனகிக் காட்டுவேனே, அந்தச் சத்தத்தை வேலிக்குப் பின்னால் இருந்து போட்டேன். கெட்டித்தனம் காட்டத்தான். நரி நேரே என்னிடம் ஓடி வந்தது. முதலாளி சுட்டுவிட்டார்.

கிட்டப் போய்ப் பார்த்தால் மடி நிறையப் பால். கூட வேலை செய்யும் பாலேந்திரா அண்ணை சொன்னார்: "இது குட்டி போடுற காலமடா. தன்ரை பிள்ளை அழுகுது எண்டு ஓடி வந்திருக்கு. உனக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியாது, தவம்.

மறுநாள் தீன் வைக்கும் கொட்டிலின் அடியில் அதே முனகல் கேட்டது. பால் வைத்துப் பார்த்தேன். எதுவும் வெளியே வரவில்லை. இன்று சத்தமே இல்லை.

கசெற்றில் நாய்க்குட்டிச் சத்தம் பதிந்து அனுப்பச் சொல்லி மைதிலி கேட்டிருந்தாள். அப்பாவுக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லு. யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மிளகாய்த்தூளும், அவளுடைய குரல் பதிந்த கசெற் ஒன்றும் கொடுத்துவிடு.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவள் சிரிக்கும்போது பதிவு செய். அழுதால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் தூக்கு.

உன்
சிவகடாட்சம்