உன் தங்கச்சிக்குப் பசி இல்லை

அன்புள்ள மூத்தவளுக்கு,

உன் அப்பா எழுதுவது. எங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகம் என்றே நினைத்து எழுதுகிறேன். சுகமில்லாதது உன் தங்கச்சிக்குத்தான். சிரிக்காதே, இறைச்சி ஆலைக்குப் பின்னால் நான் பார்த்துக்கொள்ளும் மூடிய தொட்டியைத்தான் சொல்கிறேன், அதற்கு நான் அப்படிப் பேர் வைத்ததும் நீ கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தது மறந்திருக்காது. ரத்தமும் கொழுப்பும் கலந்த கழுவு தண்ணீரைக் குடிப்பாள், காற்றே படாமல் வயிற்றுக்குள் வாழும் கிருமிகள் அதைச் செரித்துக் கொடுக்கும், அவள் விடும் ஏப்பம் குழாய் முனையில் நீலமாக எரியும். என்ன கொடுத்தாலும் உன்னைப் போல முகம் சுளிக்க மாட்டாள்.

போன மாதம் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள், தரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். உன் அம்மாவைத் தெரியுமே, வெட்டுக்கூடம் கழுவும் பெண்களுக்கு அவள்தான் தலைவி, கிருமிநாசினியைப் பீப்பாய் பீப்பாயாகக் கொட்டித் தேய்த்தாள். வந்தவர்கள் வாயாரப் புகழ்ந்தார்கள். அவ்வளவும் நேரே தொட்டிக்குத்தான் போகும் என்று கொட்டச் சொன்னவருக்கும் தோன்றவில்லை, கொட்டினவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று கேலி பண்ணிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. உள்ளிருந்த கிருமியெல்லாம் செத்து, தண்ணீர் புளித்து, சுடர் சுருங்கிச் சுருங்கி அணைந்துவிட்டது. புளிப்பு முறியச் சுண்ணாம்பு போட்டோம். வேறொரு ஆலைத் தொட்டியிலிருந்து லாரியில் சேறு வாங்கிவந்து, பாலுக்கு உறை ஊற்றுவது போல ஊற்றினோம், ஒட்டவில்லை. அழுக்குத் தண்ணீரை வெளியே விடக்கூடாது என்பதால் வெட்டும் நின்றுபோச்சு, குளிர் அறைகள் காலி. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்கிறார் இஞ்சினியர், என் முகத்தைப் பார்க்காமல். தொட்டி எழுந்திருக்காவிட்டால் ஆலையை மூடுவார்கள், ஆலை கொடுத்த இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். அதனால் லீவுக்கு வருகிறேன் என்று டிக்கெட் எடுத்துவிடாதே, வந்து எந்தக் கதவைத் தட்டுவாய்.

தினமும் தொட்டியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அம்மா "எரியுதா?" என்பாள். "உன் சின்ன மக இன்னும் தூங்குறா, உன்னை மாதிரியே சோம்பேறி" என்பேன், கரண்டியை ஓங்குவாள். இன்று கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, காலையில் துடைத்த தரையையே வெறும் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் மூவரும் நிறைவாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. அம்மாவிடம் போனில் வேறு எதை வேண்டுமானாலும் பேசு, எரிகிறதா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
திரும்பவும் ஒரே மகளுக்கு அப்பாவாகிப்போன
உன் அப்பா