எர்த் கம்பிக்கு ஒரு மரண அறிவிப்பு

மார்ச் 4
எங்கள் ப்ளெவென் நகரத்தில் இன்னும் குளிர் விடவில்லை. மாலையில் என் புருஷன் பொஷிதார் கத்தினார். ஒரு கை கணினிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது, இன்னொரு கை ஹீட்டர் குழாயில். துடைப்பக் கட்டையால் அடித்து விலக்கினேன். உயிர் பிழைத்தார்.

மார்ச் 9
வலது கை விரல்களில் உணர்ச்சி திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. முடி திருத்துகிறவருக்கு விரல் போனால் என்ன மிச்சம்?

மார்ச் 11
மின்சாரக் கம்பெனி ஆள் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் கம்பியே கிடையாது. எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் முடிந்து வைத்திருக்கிறான். படிக்கட்டு மின்பெட்டியில் நியூட்ரல் அறுந்ததும், கரண்ட் அந்தத் துண்டு வழியாகக் கணினியின் இரும்பு உடம்புக்கே வந்துவிட்டது. பொருத்தியவன் நான்காம் மாடி ஸ்தாமென். "எர்த் போட்டாச்சு அக்கா, இனிமே கைக்குழந்தைகூடத் தொடலாம்" என்றான். அவனுக்கு ராக்கியாச் சாராயம் வேறு ஊற்றிக் கொடுத்தேன்.

மார்ச் 12
போய்க் கேட்டேன். சிரிக்கிறான். "பழைய பில்டிங்ல எல்லா வீட்லயும் இப்படித்தான் அக்கா. என் வீட்லயும் இப்படித்தான்."
பொஷிதார் சொல்கிறார், "விடு ருமியானா. வேணும்னா செஞ்சான்?"
விடுவதா? வயிறு எரிகிறது. அவன் கை விளங்காமல் போக.

மார்ச் 13
திருப்புளியோடு படிக்கட்டுப் பெட்டியைத் திறந்தேன். அவன் வீட்டு நியூட்ரலைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் போதும், அவன் வீட்டு இரும்பிலும் கரண்ட் ஏறும். அவன் பெண்டாட்டி நெவேனா மாவுப் பையோடு ஏறி வந்தாள். "அண்ணனுக்கு இப்ப தேவலையா அக்கா?"
மூடிவிட்டேன். இளகியெல்லாம் போகவில்லை. அவள் செத்து எனக்கென்ன லாபம்? அனுபவிக்க வேண்டியவன் அவன்.

மார்ச் 16
மரண அறிவிப்பு அச்சடிக்கிற கடைக்குப் போனேன். "இறந்தவர் படம்?" என்று கடைக்காரி கேட்டாள். சாக்கெட்டின் படத்தைக் கொடுத்தேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள், பிறகு கறுப்பு விளிம்பு போட்டாள்.
கட்டட வாசல் கதவில், வழக்கமாக ஒட்டும் மற்ற மரண அறிவிப்புகளுக்கு நடுவில் ஒட்டியாயிற்று: 'இந்தக் கட்டட வீடுகளின் எர்த் கம்பி. பிறக்கவே இல்லை. காரணம்: ஸ்தாமென், நான்காம் மாடி. நம்பாதவர்கள் மெயினை அணைத்துவிட்டுத் தங்கள் சாக்கெட்டைத் திறந்து பார்க்கவும்.'

மார்ச் 19
பார்த்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அவன் போட்ட அதே துண்டுக் கம்பி. கூட்டத்தில் ஸ்தாமென் தலை குனிந்து நின்றான். எல்லோரும் சேர்ந்து முடிவு சொன்னார்கள்: ஒன்று, கூலி வாங்காமல் வீட்டுக்கு வீடு மூன்றாவதாக எர்த் கம்பி இழுப்பது, இல்லையென்றால் போலீஸ். "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்றார் இரண்டாம் மாடி யோர்டான்.
பிறகு ஸ்தாமென் என் கதவைத் தட்டினான். "அந்த நோட்டீச எடுத்துருங்க அக்கா. அம்மா பார்த்துட்டு அழுவுது."
செத்தவர்களுக்கு வைப்பது போல நாற்பதாம் நாள் வரை இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 2
பொஷிதார் சீப்பைப் பிடித்துப் பார்த்தார். விழுந்தது.

ஏப்ரல் 21
இன்று ஸ்தாமென் எங்கள் வீட்டு வேலையை முடித்தான். கணினி பிளக்கைச் செருகிவிட்டு டெஸ்டரை எடுத்தான்.
"டெஸ்டர் வேணாம். கைய வை," என்றேன். "இன்னொரு கை ஹீட்டர்ல."
வைத்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் வைத்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் உதடு நடுங்கியது. பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லி என்ன?
"எடுக்கலாமா அக்கா?"
போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"இருக்கட்டும்," என்றார் பொஷிதார். "இன்னும் கொஞ்ச நேரம்."