மல்லையன் தேடிய பிள்ளை

தருமபுரி
12-9-1938

அன்புள்ள தங்கை சுகிர்தத்துக்கு, அண்ணன் யோவேல் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும், நீ எழுதி இரண்டு மாதமாகிறது. ஏரியூருக்குத் தபால்காரர் நடந்துதான் வருகிறார் என்பது எனக்குத் தெரியும். வந்தவர் திரும்பியும் நடப்பார் அல்லவா?

நம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறாள். உன் அண்ணி ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போவாளே, அங்கே கிடைத்தவள். தாய் காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் போன வருஷமே இறந்தானாம். நல்லம்பள்ளிப் பக்கம் கூலி வேலைக்கு வந்தவர்கள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. ஆறு ஏழு வயது இருக்கும். பெயர் செல்லி.

இருபது நாள் பார்த்தோம். தேடி யாரும் வரவில்லை. போன ஞாயிறு போதகர் ஞானஸ்நானம் கொடுத்து எஸ்தர் என்று பெயரிட்டார். தேர்ந்தெடுத்தவன் நான்தான். தாய் தகப்பன் இல்லாத எஸ்தர் வளர்ந்து ராணியானாள். எவ்வளவு பொருத்தமான உதாரணம்! ராணிக்குத்தான் உதாரணம் பிடிக்கவில்லை. "எஸ்தர்" என்று கூப்பிட்டால், கூட வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறாள்.

சோறு வைத்தால், "களி இல்லீங்களா ஆத்தா?" என்கிறாள். ஆத்தா என்றதும் உன் அண்ணி மரகதம் அடுக்களைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. முப்பது வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது களி கிண்டப் பழகுகிறாள். முதல் நாள் உருண்டையை நாய்கூட முகர்ந்துவிட்டு எங்களை இரக்கத்தோடு பார்த்தது.

உடனே பதில் எழுது.

அன்புடன்,
யோவேல்


ஏரியூர்
3-10-1938

மரியாதைக்குரிய அண்ணனுக்கும் பிரியமான அண்ணிக்கும் சுகிர்தத்தின் ஸ்தோத்திரம்.

பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். இங்கே ஒரு குடும்பத்தின் பாடு என்னை ஓயவிடவில்லை. போன கோடையில் எழுதினேனே, மல்லையன் என்ற விவசாயி, அவர் குடும்பம்தான். (அப்போது நீங்கள் அவருக்கென்று அனுப்பிய கறுப்புக் கோட்டு வந்து சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் ஏர் ஓட்ட முடியாது. கேழ்வரகுக் கொல்லையில் காவல் நிற்கும் பொம்மைக்கு மாட்டியிருக்கிறார். காக்கைகள் மரியாதையாகத் தள்ளி நிற்கின்றன.)

ஈஸ்டருக்கு அவரும் மனைவி ரங்கம்மாளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெயர் மாற்றலாமா என்று போதகர் கேட்டதற்கு, "ஊரு ஒதுக்கப் போவுதுங்க, பேராச்சும் என்னோட இருக்கட்டும்" என்றாராம். சொன்னபடியே ஊர் ஒதுக்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் எடுக்க விடுவதில்லை. நாவிதர் வருவதில்லை, வண்ணார் துணி எடுப்பதில்லை. ரங்கம்மாள் குடத்தோடு ஓடைக்கு ஒரு மைல் நடக்கிறாள். கேழ்வரகு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த மாதம் அறுக்க வேண்டும். ஒருவரும் அவர் கொல்லையில் இறங்கக் கூடாதென்று கட்டுப்பாடு. பக்கத்துக் கொல்லைக்காரர் கரியன் அதில் மிகவும் கண்டிப்பு.

இனி எழுதுவதை நீங்கள் உட்கார்ந்து வாசியுங்கள். மல்லையனுக்கு இறந்துபோன அண்ணன் ஒருவர். அந்த அண்ணனின் மனைவி பிழைப்புத் தேடி மகளோடு நல்லம்பள்ளிப் பக்கம் போனவள், ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி இப்போதுதான் இவருக்குக் கிடைத்தது. பிள்ளையைத் தேடிப் போன வாரம் தருமபுரிக்கு நடந்தார். வேதக்காரர் வீட்டில் யாரோ ஒரு பிள்ளையை வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நம் தெருவில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார்.

"எல்லாரும் நல்லவங்கதானுங்க்கா. ஒரு வூட்ல வாத்தியாரு சோறுகூடப் போட்டாரு. ஆனா செல்லின்னு இங்க யாருமில்லேன்னுட்டாருங்க."

அண்ணா, நம் தெருவில் வாத்தியார் எத்தனை பேர்?

சுகிர்தம்


தருமபுரி
10-10-1938

அன்புள்ள சுகிர்தம்,

ஒருவன்தான்.

ஓய்வு பெறுமுன் என் வகுப்பில் ஒரு பையன் மைக்கூட்டை உடைத்துவிட்டான். "மைக்கூடு எங்கே?" என்று கேட்டேன். "மைக்கூடு இல்லீங்க சார்" என்றான். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது உண்மை. உடைந்தபின் அது மைக்கூடு அல்ல. அன்றைக்கு அவனைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தேன். நான் சொன்னதும் அதே மாதிரி உண்மைதான். சபைப் பதிவேட்டைத் திறந்து பார், செல்லி என்று யாரும் இல்லை.

தாடியும் அழுக்கு வேட்டியுமாக ஒரு மனிதர் வாசலில் நின்றார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை. நாவிதரும் வண்ணாரும் கைவிட்டதால் வந்த கோலம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிள்ளையைக் கொண்டுபோய் ஆடு மேய்க்க விடுவார் என்று நினைத்தேன். இதுவும் பிற்பாடு கண்டுபிடித்த காரணமோ என்னவோ. நிஜமான காரணம், கதவுக்குப் பின்னால் மரகதம் தூங்கி வழிந்த பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிச் சடையில் அவள் கை நின்றதை நான் பார்த்தேன். "இல்லை" என்று சொல்லிவிட்டேன். பிறகு மனசு உறுத்த, திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

ஒதுக்கப்பட்டு வந்த ஒரு விசுவாசியை, ஒரு விசுவாசியின் வீட்டு வாசலிலிருந்து நானும் ஒதுக்கி அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தை மரகதத்திடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து பிள்ளையின் பாவாடைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் ஏழாம் தேதி நாங்கள் மூவரும் அறுப்புக்கு வருகிறோம். மல்லையனிடம் நீ ஒன்றும் சொல்லாதே. சொல்ல வேண்டியவன் நான். எனக்கு ஒரு அரிவாள் எடுத்து வை.

யோவேல்


தருமபுரி
12-11-1938

அன்புள்ள சுகிர்தம்,

காய்ச்சல் இறங்கியதா? நீ படுத்திருந்ததால் வாசலில் தலையைக் காட்டிவிட்டு நேரே கொல்லைக்குப் போனோம். மூன்று நாளும் மல்லையன் வீட்டிலேயே தங்கி, திரும்பும்போது உன்னைப் பார்க்காமலே வண்டி ஏறினோம். அண்ணி அழுத முகத்தோடு நோயாளி வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

வரப்பில் நாங்கள் நடந்து போகும்போதே பிள்ளை, "சித்தப்போவ்!" என்று கத்திக்கொண்டு பயிருக்குள் ஓடிவிட்டாள். மல்லையன் அவளைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டார். பிறகு, "அன்னிக்குப் போட்ட கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கலுங்க வாத்தியாரே" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரகதம் மட்டும், "அன்னிக்கு என் கை சரியா இல்லீங்க" என்றாள்.

அறுப்பு ஆரம்பமாயிற்று. ரங்கம்மாள் ஒரு வரிசை முடிக்கும்போது நான் ஏழு கதிர் முடித்து, இடது கை விரலில் ஒன்றையும் பாதி முடித்திருந்தேன். கூட அறுத்த மாப்பிள்ளை என்னைவிடப் பரவாயில்லை, அதை அவரிடம் சொல்லாதே. கரியன் தன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏனுங் வாத்தியாரே! பச்சைக் கருதையும் சேத்து அறுக்கறீங்களே, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எது பச்சை, எது பழுப்பு என்று காட்டுங்களேன்" என்றேன்.

"காட்டறதா? கொல்லையையே மொட்டையடிச்சுருவீங்க போலிருக்குது!" என்று வரப்பைத் தாண்டிக் குதித்து என் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். "மல்லையா, நான் உனக்கு அறுக்கலை. ராகிக்கு அறுக்கறேன். தெரிஞ்சுக்கோ!"

"ராகி கும்புடுதுங்கண்ணா" என்றார் மல்லையன்.

ரங்கம்மாள் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் தீர்த்தன் என்று இன்னொருவரும் வந்தார். மூன்றாம் நாள் கதிர் களத்துக்குப் போய்விட்டது. கிணறு மட்டும் திறக்கவில்லை. அது கரியன் கையில் இல்லையாம்.

பிள்ளையை அவள் சித்தப்பாவிடம் விட்டுவிட்டோம். நேற்று மரகதம் பழக்கத்தில் மூன்று உருண்டை களி பிடித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றரை சாப்பிட்டோம்.

யோவேல்


ஏரியூர்
28-11-1938

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

காய்ச்சல் விட்டது. கரியன் இப்போது உங்கள் மாப்பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், "பெரிய வாத்தியாரு வெரலு ஆறிப்போச்சுங்களா?" என்று விசாரிக்கிறார்.

பிள்ளை நாங்கள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். பெயர் கேட்டதற்கு, "சித்தப்பா வூட்ல செல்லிங்க, ஆத்தா வூட்ல எஸ்தருங்க" என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டோம். ரங்கம்மாள் பின்னால் சின்னச் சொம்பு தூக்கிக்கொண்டு ஓடைக்கு நடக்கிறாள். குழந்தை இல்லாத அந்த வீட்டில் இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது. ஆனால் தலை வாரும்போது அண்ணி போட்ட சடை மாதிரி இல்லை என்று தினமும் புகார்.

நேற்று மல்லையன் வந்து, "தண்ணி தூக்கித் தூக்கிப் புள்ளை எளைச்சுப் போச்சுங்க. வாத்தியாரு கேட்டா அங்கேயே வுட்டுடறேன்னு எழுதுங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரங்கம்மாள் அவருக்குப் பின்னால் நின்று சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்டால் நாளைக்கே கொண்டுவந்து விடுவார். கேட்கக் கூடாதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணியை நினைத்தால் கேளுங்கள் என்று தோன்றுகிறது. ரங்கம்மாளை நினைத்தால் பேனா நகரவில்லை.

சுகிர்தம்


தருமபுரி
5-12-1938

அன்புள்ள சுகிர்தம்,

கேட்கப் போவதில்லை. இந்த முடிவை எடுத்தவள் உன் அண்ணி. நான் நாலு நாள் யோசித்து, நாலு விதமாக உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கடைசியில், "ஒரு பிள்ளையை இழுத்து இங்கே கொண்டுவருவானேன்? நமக்குக் கால் இல்லையா?" என்றாள்.

ஆகவே, மல்லையன் கொல்லை ஓரத்தில் எங்களுக்கு ஒரு கொட்டாய் போட இடம் தருவாரா என்று கேட்டு எழுது. கூரை வேய எனக்குத் தெரியாது என்பதைக் கரியன் காதில் விழும்படி சொல். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். தருமபுரி வீட்டின் சாவியைப் போதகரிடம் கொடுப்பதாகச் சொல்லியாயிற்று. ஊர் ஒதுக்கி வருகிறவர்கள் தங்கிக்கொள்ளட்டும். வருகிறவர் தாடியோடு வந்தாலும் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.

அங்கே எங்களுக்கும் கிணறு கிடையாதே என்று மரகதத்திடம் கேட்டேன். குடம் இரண்டையும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "ரங்கம்மா ஒரு மைல் தனியாத்தானே நடக்கிறாள்? பேச்சுத் துணைக்கு ஆள் வந்தால் வேண்டாம் என்பாளா?"

யோவேல்