ட்ராக்டர் பாட்டரி என் காரில் இருக்கிறது

என்னப்பா, பாட்டரியைக் கழற்றிய கையோடு எழுதுகிறேன். எட்டுப் பத்து ரெயினைப் பிடிக்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற உங்களை எழுப்பி, கட்டின மனுசனின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ட்ராக்டரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உங்கள் வேன் பாட்டரியிலிருந்து வயர் கொடுத்தும் வேண்டாம். ஸ்டார்ட் செய்யும் திறப்பை ஒளித்துப் பயனில்லை. அந்தக் காலத்து ட்ராக்டர்களுக்கெல்லாம் ஒரே திறப்புத்தான், வேறொன்று உங்களுக்குக் கிடைத்துவிடும். மச்சாள் பதினொன்றுக்கு வோபர்னிலிருந்து காரில் வருவா. அவ உள்ளே வர வாசல் பனியைக் கை ஷவலால் தள்ளினால் போதும்.

"எழுபத்திரண்டாம் ஆண்டு ட்ராக்டருக்கு எழுபத்தெட்டின்ர ஸ்னோ புளோவர் பொருந்தாதப்பா" என்றீர்கள், நான் அந்தப் பனி வீசும் மெஷினைப் பூட்டும்போது. "ஓட்டையெல்லாம் சரியா இருக்கு, உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். ஓட்டைகள் பொருந்தின. ஆள் சீற்றை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதே, அதன் பிளக்தான் பொருந்தவில்லை. தோற்க மனமில்லாமல் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டேன். இப்போது ஆள் இறங்கினாலும் புளோவரின் பிளேடு சுற்றும்.

புட்டு மைக்ரோவேவில். முட்டைக் கறி ஃபிரிட்ஜில்.

– வினோதினி

அடியில் இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். நேற்று உங்கள் கறுப்புக் கையுறை வேலிக் கம்பியில் கிழிந்தது என்றேன். பொய். புளோவர் வாயில் அடைத்த பனியை எடுக்க இறங்கிக் கையை விட்டேன். உங்கள் கையுறை எனக்குப் பெரிது. அதனால் பிளேடுக்கு என் விரல் எட்டாத வெறும் துணி நுனிதான் கிடைத்தது.