ஏலக்கூட முற்றத்தில் உன் கார் வழுக்கிய நாள்

இன்று காலை அறுந்துபோன ஒரு வயரைச் சால்டரிங் வைத்தேன். ஈயம் உருகி அந்தக் குங்கிலியப் புகை மேலே வந்ததும் நீயும் வந்துவிட்டாய். "மூக்க எடுடா அங்கேந்து, இன்னா மீன் கொழம்பா மோந்து பாக்குற?" என்று கத்தினாய். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. உன் அதட்டல் மட்டும் குறையவேயில்லை.

சந்தோஷச் செய்தி ஒன்று இருக்கிறது. அதற்கு முன் நான் செய்த திருட்டு வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நம் காரைப் பற்றித்தான். உடைந்த ஐஸ் பெட்டியில் நாம் கட்டிய நான்கடி நீளக் கார். ரிமோட்டில் ஓட வேண்டும், வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே திரும்ப வேண்டும். அதற்காகவே பின்சக்கரங்களுக்கு பிவிசி குழாயை வெட்டி மாட்டினோம். நீ பழவேற்காட்டுப் படகுகளுக்கு இஞ்சின் பார்ப்பவன், நான் மீஞ்சூர் கம்பெனியில் பேனல் வயரிங் செய்பவன். மோட்டார் உனக்கு, வயர் எனக்கு என்றுதான் பேச்சு. நீ எங்கே பேச்சைக் காப்பாற்றினாய்? ரிசீவரைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து கிரீஸ் பூசினாய். வயர்களை வலை நரம்பால் முடிச்சுப் போட்டாய். கம்பெனியில் யாராவது பார்த்தால் என்னை வாசலோடு அனுப்பியிருப்பார்கள்.

கைரோவையும் நான் இல்லாதபோது நீயே மாட்டிவிட்டாய். தீப்பெட்டி அளவு கருவி. கார் எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று கண்டுகொண்டு முன்சக்கரத்தைத் தானாகவே திருப்பிப் பிடிக்கும். அதன் ஓரத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச், நேர் அல்லது எதிர். 'எதிர்'ல வச்சிருக்கேன் என்று நீ சொன்னதும் நான் எகிறினேன்.

"டேய், இது படகு இல்லடா! சுக்கான் புடிச்ச பழக்கத்துல இதையும் மாத்தி வச்சிருக்க!"

"நான் வச்சது வச்சதுதான். கைய வச்ச, ஒடச்சிருவேன்."

அவ்வளவுதான். காரணம் சொன்னால் உன் வாய் தேய்ந்துவிடும். மறுவாரம் நெஞ்சுவலி என்று போனவன் திரும்பி வரவில்லை. கார் ஒரு முழம்கூட ஓடியிருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் காருக்குள் கையை விட்டுத் துழாவி அந்த ஸ்விட்சை 'நேர்' பக்கம் தள்ளினேன். உன் தப்பைத் திருத்துகிறேனாம்! அதோடு காரைத் தொட மனசு வராமல் மூடிப் போட்டுவிட்டேன்.

போன வாரம் உன் மனைவி தனம் வந்தாள். "அண்ணே, என் கரண்ட் ஸ்கூட்டர் பேட்டரி அந்த கார்லதான் கீது. எனக்குப் பொன்னேரில வேல கெடச்சிருக்கு, ரெண்டு பஸ் மாறிப் போறேன். ஞாயித்துக்கிழம வரைக்கும் பாருண்ணே. ஓடலன்னா கழட்டிக் குடுத்துரு." அந்தப் பேட்டரி போனால் அது வெறும் ஐஸ் பெட்டிதான் என்று அவளுக்கும் தெரியும்.

இன்றுதான் அந்த ஞாயிறு. ஏலம் முடிந்து முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். கூட்டம் சுற்றி நின்றது. ரிமோட்டை அழுத்தினேன். முதல் வளைவிலேயே கார் பம்பரமாகச் சுற்றியது. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவதில் மீன் கூடைகள்மேல் போய் மோதியது. "ஐஸ் பெட்டிக்கு மயக்கம் வந்துருச்சுப்பா!" என்று எவனோ சொல்ல, ஒரே சிரிப்பு.

தனம் சிரிக்கவில்லை. "போதும்ணே" என்று ஸ்பேனரை நீட்டினாள்.

பேட்டரியைக் கழற்றக் காரைக் கவிழ்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. கைரோ, அதைத் தாங்கும் தகட்டின் அடியில், முகம் கீழே பார்க்க ஒட்டியிருந்தது. அடப்பாவி! படகில் எந்தப் பெட்டியையும் நீ நிமிர்த்தி மாட்டியதில்லையே. "கவுத்து மாட்டு, உப்புத்தண்ணி நிக்காம வடிஞ்சிரும்" என்பாயே. கவிழ்த்த கைரோவுக்கு இடம் வலமாகத்தான் தெரியும். அதற்குத்தான் 'எதிர்'. நீ சரியாகத்தான் வைத்திருந்தாய். கெடுத்தது நான். கெடுத்துவிட்டு எட்டு மாதமாகச் செத்தவன்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

நகத்தால் ஸ்விட்சைத் திரும்பத் தள்ளினேன். "ஒரே ஒரு தடவ, தனம்."

வழுக்கியதடா! பின்பக்கம் விரிந்து வெளியே போக, முன்சக்கரம் தானே எதிர்ப்பக்கம் திரும்பிப் பிடிக்க, முற்றத்தின் தூண்களைச் சுற்றி எட்டுப் போட்டது. ஈரத்தரையில் தண்ணீர் விசிறியது. ஏலம் விடுகிற பெரியவரே பெஞ்சின்மேல் ஏறி நின்று "சோக்கா போவுதுடா!" என்று கத்தினார். விசிலில் காது கிழிந்தது. நான் அழுதுகொண்டே, "அவன்தான்டா கரெக்டு! நான்தான் தப்பு!" என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் போகட்டும்.

தனம் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பேட்டரி இறங்கும்வரை தரவேயில்லை. பிறகு அவளே பேட்டரியைக் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டினாள். சீட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஆறு நாளு எனக்கு. ஞாயித்துக்கிழம அவருக்கு."

இருபது வருடச் சிநேகத்தில் 'நீ சொன்னது சரி' என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இன்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது, பேச்சே எழும்பவில்லை. தனம் மிளகுக் கஷாயம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதைக் குடிக்காமல் வைத்திருக்கிறேன். இந்தத் தொண்டை இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்.