பத்தாவது இடத்தில் யாருமில்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

பரீட்சை இடப்பட்டியலில் 10 இல்லை. 9-க்குப் பிறகு நேரே 11. கீழே 14 மட்டும் இரண்டு பேருக்கு. ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் நின்றபடி, மழையில் நனைந்து வந்து, நான் வேலை பார்க்கும் டியூஷன் டியூட்டரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் பட்டது.

காரணம் தெரியும். பரீட்சைப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் தட்டியவள் நான். சுமதியின் கணிதம் 79. 97 என்று போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் சார் தன் புரோகிராமில் அதைத் திருத்தினார். பத்தாவதாக இருந்தவள் பதினாலுக்கு இறங்கினாள். மற்ற எவர் இடமும் அசையவில்லை.

முதல் பத்துப் பேருக்கு ஞாயிறு கம்ப்யூட்டர் வகுப்பு, இலவசம். 11: என் தங்கச்சி செல்வி.

5, செவ்வாய்

வெயில். கம்ப்யூட்டர் உறையை எடுத்தது காலை 8-க்கு. பிளாப்பிகளுக்குப் பெயர் ஒட்டியது. போர்ட் துடைக்கப் போய் நின்றுவிட்டேன்.

அதில் இருந்தது சார் கம்பஸில் படித்தபோது செய்த ஆராய்ச்சி; பட்டியல் போடும் புரோகிராமும் அதன்படிதான். ஓர் எண் மாறினால் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டாம். அதை நம்பியிருப்பவற்றை மட்டும் தொட்டால் போதும். யோசனை நல்லதுதான். எது எதை நம்பியிருக்கிறது என்று அம்புக்குறிகள்: புள்ளி, மொத்தம், இடம். ஆளுக்கு ஒரு வரிசை. சுமதியின் மொத்தத்திலிருந்து சுமதியின் இடத்துக்கு மட்டும் ஓர் அம்பு! இடம் என்பது எல்லாருடைய மொத்தத்தையும் பார்த்துத்தானே வரும்? கியூவில் ஒருத்தி பின்னால் போனால் மற்றவர்கள் முன்னே வருவார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எவருக்கும் தெரியும். டை கட்டியவருக்குத் தெரியாது.

வகுப்பில் அதைக் காட்டி சார்: "பிள்ளையள், முதலிலயிருந்து செய்தாலும் இப்பிடிச் செய்தாலும் ஒரே விடைதான். நான் நிரூபிச்சுப்போட்டன்."

பின்வரிசை வாங்குப் பலகையிலிருந்து ஒருத்தி: "எங்க புள்ளியயும் நிரூபிச்சுக் குடுங்க சார்!" சிரிப்பு.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன்.

"சார், பத்தாவது யாருங்க?"

"ஒருத்தருமில்லை. அதுக்கென்ன?"

"இல்லைங்க... மத்தவங்க..."

"நீர் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீர்?"

"ஒம்பதுங்க."

"அப்ப தூசைத் தட்டும், பிள்ளை."

தட்டினேன். இந்த ஆளுக்குப் போய் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

6, புதன்

காலையில் பனி. செல்வி ரொட்டியைத் தொடவில்லை. "ஒம்பது பேருதானாம் அக்கா. பத்தாவது நாற்காலியில பேயா ஒக்காரப் போவுது?"

மத்தியானம் சார் சாப்பிடப் போனார். அவர் புரோகிராமில் 'முழுவதும்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. முதலிலிருந்து எல்லாவற்றையும் கணக்கிடும். மூன்று நிமிடம் வீண் என்று அவர் அதைத் தொடுவதே இல்லை. தொட்டேன். மூன்று நிமிடமும் வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

10: செல்வி. 14: சுமதி, அவள் மட்டும்.

அச்செடுத்தேன். பழைய தாளைக் கழற்றவில்லை. வாசலில் அதற்குப் பக்கத்திலேயே புதியதை ஊசியால் குத்தினேன்.